பாதித் தெருவுக்கு அக்காவின் நம்பர்

என் அக்கா பொன்மணிக்கு மென்பொருள் எழுதுவது வேலை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் மேசை. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தோம். என்னோடு பிளஸ் டூ படித்தவர்கள், மென்பொருள்காரர்கள் என்றாலே கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் என்று நினைக்கிறார்கள். அக்காவின் திரை வெள்ளை.

"பகல்லயே லைட்டு போட வேண்டிய வீடு. இதுல திரையும் கறுப்பா?" என்பாள்.

அவளுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டதும் நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியைத் தினமும் பயன்படுத்துகிறாள். ஆனால் அது தருவதை வரிவரியாகப் படிக்காமல் சேர்க்க மாட்டாள். "தெரியாதுன்னு ஒரு தடவையாவது சொன்னா நம்பலாம். இது எதைக் கேட்டாலும் தலையாட்டுது" என்பாள். வேலை தேடுகிறவர்கள் கூடும் தளத்தைத் திறந்தால் முகத்தைச் சுளிப்பாள். "வேலை கிடைச்சாலும் நன்றி, போனாலும் நன்றி. ஒருத்தனாவது வயிறு எரியுதுன்னு எழுதுறானா பாரு." சந்தேகம் கேட்கும் தளம் ஒன்றில் அவள் முதன்முதலாகக் கேட்ட கேள்வியை, இதை ஏற்கெனவே கேட்டாயிற்று என்று யாரோ மூடிவிட்டார்களாம். அந்தக் கோபத்தில் இன்றும் அங்கே புதியவர்களைத் தேடிப்போய்ப் பதில் எழுதுகிறாள். குட்டி வீடியோ செயலி நேரத்தைத் தின்கிறது என்று தன் போனிலிருந்து எடுத்துவிட்டாள். அம்மாவின் போனில் பார்க்கிறாள். அது கணக்கில் வராதாம்.

எல்லாவற்றையும் விட அவள் அழுத்திச் சொல்வது ஓடிபியைப் பற்றி. "ஒரு ஆளுக்கு வர்ற ஓடிபியை இன்னொரு ஆள் பார்க்கவே கூடாது. பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி அது."

இதைச் சொல்லும் அதே அக்காவின் போனுக்குத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ஓடிபி வருகிறது.

ஊரடங்குக் காலத்தில் தொடங்கியது இது. தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரேஷன், கேஸ், கரண்ட் பில் என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு திறந்து கொடுத்தாள். சிலரிடம் போன் இல்லை. சிலர் ஆஃபர் வந்தால் சிம்மை மாற்றிவிடுவார்கள். நம்பர் கேட்கும் கட்டத்தில் அப்போதைக்குத் தன் நம்பரைப் போட்டாள். பிறகு எல்லோரும் போன் வாங்கினார்கள், நம்பரை மட்டும் யாரும் மாற்றவில்லை. சாயாக்கடை செல்லதுரை அண்ணாச்சி ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் முதலில் அக்காவுக்குத் தெரியும். யாரிடமும் அவள் மூச்சுவிட மாட்டாள்.

"இது தப்பான ஏற்பாடு. ஒருநாள் உக்காந்து மாத்தணும்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எதிர்வீட்டு ஆரிஃபா இத்தா, "உன் கையில இருந்தா எனக்கொரு சமாதானம் மோளே" என்பார். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வீட்டிலேயே அரிசி மாவில் பத்திரி சுட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறார்.

இந்த வருடம் காக்கநாட்டில் அக்கா வேலை பார்த்த கம்பெனி, அவள் குழுவை பெங்களூருக்கு மாற்றப்போவதாகச் சொன்னது. அவளுக்குப் போக மனமில்லை. காலையில் மசாலா கிடங்குகளின் வாசனை இல்லாமல் தனக்குத் தூக்கமே கலையாது என்று விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யும் சிறிய கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். கடைசிக் கட்டம், வீடியோவில் நேர்முகத் தேர்வு. அது கிடைத்தால் மட்டாஞ்சேரி, இல்லையென்றால் பெங்களூர்.

அன்று அம்மா மிக்ஸியைத் தொடவில்லை. நான் மாடிப்படியில் காவல் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. தேர்வு நடத்தியவர் பெயர் மாளவிகா. ஆங்கிலமும் மலையாளமும் கலந்து பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"போனை அணைத்துவிடுங்கள்" என்றார் மாளவிகா.

"அணைக்க முடியாது மேடம். கவிழ்த்து வைக்கிறேன். தெருவில் நிறையப் பேருக்கு ஓடிபி வருவது என் நம்பருக்குத்தான்."

எனக்கு அப்போதே கோபம் வந்தது. ஒரு மணி நேரம் போனை அணைத்தால் தெரு என்ன முழுகியா போய்விடும்?

அக்கா எழுத ஆரம்பித்தாள். விசைப்பலகைச் சத்தம் சீராகக் கேட்டது. பாதியில் போன் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. கீழே கேஸ் வண்டி வந்து நின்றது. இங்கே சிலிண்டரைக் குற்றி என்போம்.

"இத்தா, நம்பர் பற! நம்பர் இல்லாதெ குற்றி இறக்கில்லா!" என்று ஓடிபியைக் கேட்டு வண்டிக்காரச் சேட்டன் கத்தினார்.

"எடா, ஒரு நிமிஷம் பொறு! பொன்மணீ! அடுப்புல பத்திரி பாதியில நிக்குது, நாசமாப் போவான் வண்டியைத் திருப்புறான்!"

நான் ஓடிப்போய் இத்தாவின் வாயை மூடலாமா என்று எழுந்தேன். அதற்குள் அக்கா, "மன்னிக்கணும் மேடம்" என்று போனைத் திருப்பி, ஜன்னல் வழியாக நான்கு எண்களைக் கத்தினாள்.

"அதல்ல!" என்றார் சேட்டன்.

அக்கா மறுபடி போனைப் பார்த்தாள். அவள் கத்தியது அண்ணாச்சிக்கு வந்த எண். மேலே இருந்ததுதான் கேஸ். அதைக் கத்தினாள். குற்றி இறங்கும் சத்தம் கேட்டது.

"நல்லா இருப்ப மோளே!" என்று இத்தா கீழேயிருந்து வாழ்த்தினார். அதுவும் மாளவிகாவுக்குக் கேட்டிருக்கும்.

அறைக்குள் மாளவிகா மெதுவாகக் கேட்டார். "இப்போது வேறு யாருடைய ரகசிய எண்ணையோ நீங்கள் தெருவுக்கே சொன்னீர்களா?"

"ஆமாம் மேடம்" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "எல்லோரிடமும் செய்யாதே என்று சொல்கிறதை நானே செய்தேன். உதவிக்கென்று ஒருநாள் செய்தது அப்படியே நின்றுவிட்டது. மாற்றலாம் என்றால், யாருக்கு எதெதற்கு என் நம்பர் கொடுத்தேன் என்பது எனக்கே முழுசாகத் தெரியாது."

"அப்படியென்றால் எப்படி மாற்றுவீர்கள்?"

"ஒரேயடியாக மாற்ற மாட்டேன். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அங்கே எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வீடு. கடைசி வரை என் நம்பரையும் அணைக்க மாட்டேன். யாராவது விட்டுப்போயிருப்பார்கள்."

மாளவிகா சிரித்துவிட்டார். தங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு பழைய மென்பொருள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கிறது, தொட எல்லோருக்கும் பயம் என்றார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குப் பாதி புரியவில்லை. எழுத ஆரம்பித்த நிரலை அக்கா முடிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

அக்கா கீழே இறங்கி வந்ததும், "போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியல" என்று சொல்லிவிட்டு அக்கா நேராக அண்ணாச்சி கடைக்குப் போனாள், அந்த எண் எதற்கு வந்தது என்று கேட்க. கரண்ட் பில்லாம். "அதுக்கென்ன, வேற நம்பர் வரும்லா? சாயா குடி" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் சாயா நேரத்தில் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. கடைசியில் மாளவிகா ஒரு வரி சேர்த்திருந்தார்: கம்பெனிக் கணக்குகளைத் திறக்கும் எண்கள் வருகிற போனுக்குத் தெருவின் எண்கள் வரக்கூடாது, சேருவதற்கு முன் மாற்றிவிட வேண்டும்.

அம்மா அக்காவின் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். அக்கா ஆரிஃபா இத்தா வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் இத்தாவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப எங்களை வேண்டாமா மோளே?"

"இத்தா, நான் பெங்களூர் போகாம இருக்கத்தான் இது. நம்பர் மட்டுந்தான் போகுது. நான் எதிர்வீட்லதான் கெடப்பேன்."

"எனக்கு எழுத்தெல்லாம் கலங்குமே. கண்ணாடி வேற உடைஞ்சு கெடக்கு."

"எழுத்தைப் பெருசாக்கித் தாறேன். எங்க வீட்லேர்ந்து பார்த்தா எனக்கே தெரியும், அவ்ளோ பெருசு."

ஞாயிற்றுக்கிழமை முதல் வீடாக இத்தா வீட்டில் உட்கார்ந்தோம். நம்பரை மாற்றக்கூடப் பழைய நம்பருக்கு ஓடிபி வந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றினாள். இத்தா நடுநடுவே பத்திரியும் தேங்காய்ப்பாலும் வைத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக எல்லாம் முடிந்து, சோதிப்பதற்காக அக்கா ஒரு தடவை அழுத்தினாள். இத்தாவின் போன் சிணுங்கியது. வாழ்க்கையில் முதன்முதலாக அவருடைய ஓடிபி அவருடைய கைக்கே வந்திருந்தது.

இத்தா போனைக் கைநீட்டித் தூரப் பிடித்தார். பெரிய எழுத்து நன்றாகத் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலுக்குப் போய், தெருவே கேட்கும்படி அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இத்தா!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது!"

"நல்லா இருக்கே! எனக்கு வந்ததை நான் சொல்லாம பின்னே யாரு சொல்லுவா?"

அக்கா சிரித்துக்கொண்டே இத்தாவைப் பிடித்து உட்காரவைத்து, பல் தேய்க்கிற பிரஷிலிருந்து ஆரம்பித்தாள்.