ஒரே பெயரில் இரண்டு ஹாலோவேக்கள்

1. வியாழக்கிழமை

தொண்ணூறுகளின் கடைசியில் நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரிக்கு, பழைய விளையாட்டு வீரர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஹெச்-1 வேலை விசா. கிரீன் கார்டுக்கு கம்பெனி அப்போதுதான் அப்ளை செய்திருந்தது.

மறுநாள் எட்வின் ஹாலோவேக்கு விழா. நூறு வருடங்களுக்கு முன், ஹெல்மெட்கூட இல்லாமல் அமெரிக்க ஃபுட்பால் ஆடிய காலத்தில், அந்தக் கல்லூரி அணியின் கேப்டன். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடுவாராம். கடைசி ஆட்டத்தில் முழங்கால் உடைந்தது. அப்புறம் டெக்சாஸில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, பையன்களுக்கு ஆட்டமும் கற்றுக்கொடுத்து மறைந்தார்.

அச்சாகி வந்த விழா மலரைப் புரட்டினேன். 'மூன்றாம் ஆண்டில் திருட்டுக் குற்றத்துக்காக நீக்கப்பட்டார்' என்று ஒரு வரி. நீக்கப்பட்டவர் நான்காம் ஆண்டில் எப்படிக் கேப்டன் ஆனார்? மைக்ரோஃபிலிமில் பழைய பதிவேட்டைப் பார்த்தேன். அதே வகுப்பில், அதே பெயரில் இரண்டு பேர்; நீக்கப்பட்டவர் இன்னொருவர். பெயரும் வருடமும் ஒத்துப்போனால் ரெக்கார்டுகளை மெர்ஜ் செய்து ஒரே ஆளாக்கும் ஸ்கிரிப்டை எழுதியவள் நான்.

எங்கள் கம்பெனி மேனேஜர் செல்வத்திடம் ஓடினேன்.

"மீனா, இப்ப வாயத் திறந்தா கான்ட்ராக்ட் போயிடும். உங்க கிரீன் கார்டும் இதுலதான் நிக்குது. விழா முடியட்டும், சத்தமில்லாம ஃபிக்ஸ் பண்ணிடலாம்."

"அவரோட பொண்ணு வர்றாங்க, செல்வம்."

"எண்பது வயசும்மா. அந்தப் பொடி எழுத்தையா படிக்கப் போறாங்க?"

நான் சீட்டுக்குத் திரும்பினேன். அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை.

2. வெள்ளிக்கிழமை

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரிலிருந்து வந்திருந்த ஹாலோவேயின் மகள் விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஹாலில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து மலரைப் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அப்பா காலேஜ் பத்திப் பேசவே மாட்டாரு. இதுதான் காரணமா?"

"இல்லம்மா. அது வேற ஆள். தப்பு என்னோடது."

அவரை மைக்ரோஃபிலிம் அறைக்கு அழைத்துப்போய் இரண்டு பதிவுகளையும் காட்டினேன். திரையில் அப்பாவின் பெயர்மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்:

"அந்த இன்னொருத்தருக்கும் ஒரு பொண்ணு இருந்திருக்கலாம். அவர் பேர்லயும் இதைப் போடாதீங்க."

கல்லூரி டைரக்டரிடம் நானே சொன்னேன். மலர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விழா நடந்தது. கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. நியூ ஜெர்சியிலேயே பார்சிப்பனி என்ற ஊரில் வேறு வேலை தேடி, கிரீன் கார்டுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்று டேட்டா வேலைக்கு வருகிறவர்களிடம், பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றாகிவிடாது என்பேன். அது ஸ்கிரிப்டில் திருத்தக்கூடிய தவறு. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால், ஒரு மகள் கொஞ்ச நேரம் தன் அப்பாவைத் திருடன் என்று நம்பினார். அதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை.