தூசியை வெளியே நிறுத்தியவள்

சின்னவள் வென்றவை இவை: பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு, மூன்றாம் முறையில். வெல்டிங் பயிற்சியில் சேரப் போனபோது "தையல் வகுப்பு மாடியில இருக்கும்மா" என்று கை காட்டிய ஆள். லாரியின் சட்டத்தை எட்டவிடாத தன் உயரம். அதற்கு அவளே ஒரு முக்காலி அடித்துக்கொண்டாள். பட்டறை முதலாளியின் வாய். அது சாதாரண வாய் இல்லை. கடைசியாக, தூசி. மற்றவற்றை யார் வேண்டுமானாலும் வென்றிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். தூசியை வென்றது அவள்தான்.

அந்தப் பட்டறையில் லாரிகளின் முதுகில் வீடு கட்டுகிறார்கள். மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும் எட்டாத இடங்களில் மாதக்கணக்கில் வாழப் போகிறவர்களுக்கான வீடு. கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் பேட்டரி, தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, கழிவறை, எல்லாம் ஒரே பெட்டிக்குள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கட்டியவரே முதலில் அதை ஆளில்லாத இடத்துக்கு ஓட்டிப்போய்க் குடியிருந்து பார்க்க வேண்டும். மனசுக்குத் திருப்தி என்றால் வாசலுக்கு மேலுள்ள அலுமினியத் தகட்டில் தன் பெயரைச் செதுக்க வேண்டும். பெயர் விழுந்துவிட்டால், வண்டி உலகத்தின் எந்த மூலையில் மக்கர் செய்தாலும் போன் அவருக்குத்தான் வரும்.

சின்னவளின் கை படாத வண்டி அந்தப் பட்டறையில் இல்லை. ஆனால் தகடுகளில் எல்லாம் முதலாளியின் பெயர்தான். இந்த ஒரு வண்டியைத்தான் வரைபடம் முதல் கைப்பிடி வரை அவளிடம் விட்டிருந்தார்.

வாங்குபவர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. மனைவி நர்ஸ். கணவர் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். இத்தனை வருடம் குச்சியால் தொட்டுக் காட்டிய பாலைவனங்களை இனிக் காலால் தொட வேண்டும் என்று வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிறார். அவருக்கு ஆஸ்துமா.

"வண்டி அழகா இல்லன்னாலும் பரவாயில்லம்மா. படுத்தா எனக்கு மூச்சு வரணும்" என்றார்.

"மூச்சு வரலன்னா மறுநாளே திரும்பிடுவோம். அதுல பேச்சே இல்ல" என்றார் நர்ஸம்மா.

அதனால் சின்னவள் அந்தப் பெட்டியை மருந்துப் புட்டி போல மூடினாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் இரட்டை ரப்பர். மூலைமுடுக்கெல்லாம் பசை. எறும்பு நுழைய வேண்டுமென்றால் கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

பட்டறைக்கு மெத்தை உறை தைப்பவள் அவளுடைய அக்கா. சின்னவளைப் போலவே லாரி லைசென்ஸும் வைத்திருந்தாள். இருவருமாக வண்டியை எடுத்துக்கொண்டு குடியிருந்து பார்க்கக் காய்ந்துபோன ஏரிப் பக்கம் போனார்கள். மண் பாதையில் அரை நாள் ஓட்டம். நிறுத்தி, கதவைத் திறந்து பார்த்தால், கட்டில், அடுப்பு, தலையணை எல்லாம் ஒரே வெள்ளை.

"என்னடி இது, மாவு மில்லா?" என்றாள் அக்கா. "நான் நீல உறைதானே தைச்சேன்?"

சின்னவள் ரப்பர் சுருளை எடுத்தாள். கதவில் மூன்றாவது ரப்பரை ஒட்டினாள். துடைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். முன்னைவிட அதிகம்.

"இன்னும் ரெண்டு ரப்பர் ஒட்டு. கதவே தேவைப்படாது."

"சும்மா இரு, அக்கா. நான் உள்ள உக்காந்துக்கறேன். நீ ஓட்டு."

"பின்னாடியா? மூச்சு முட்டும்டி!"

"முட்டட்டும். எனக்கு முட்டினாத்தானே அவருக்கு ஏன் முட்டுதுன்னு தெரியும்?"

அக்காவின் தையல் பெட்டியிலிருந்து நூல்களை எடுத்து, வண்டிக்குள் துளையும் இடுக்கும் இருந்த இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டித் தொங்கவிட்டாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி வேகம் எடுத்ததும் கதவருகே இருந்த நூல் சும்மா இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் துளை மேலிருந்த நூல் மட்டும் படமெடுத்த பாம்பு போல எழுந்து நின்றது. அதைச் சுற்றிப் புகையாகத் தூசி.

ஓடும் வண்டியின் பின்புறம் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும். மற்ற வழிகளை எல்லாம் அவளே அடைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது சக்கரத்தருகே திறக்கும் கழிவுக் குழாய். அதையும் அடைக்கலாம். ஆனால் அடுத்து தூசி நுழைவது பேட்டரிக்கான காற்றுத் துளை வழியாகத்தான். அதை அடைக்கவே கூடாது.

எழுந்து, மேலே முன்பக்கம் இருந்த சிறு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். நூல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு துளைக்குள் இறங்கியது. முன்னால், உயரத்தில் இருக்கும் காற்றுக்குச் சக்கரத் தூசி தெரியாது. அந்தக் காற்று உள்ளே தள்ளினால் தூசி வெளியேதான் நிற்கும்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார்: "எங்க அடைச்ச?"

"அடைக்கலண்ணே. முன் சுவத்துல ஓட்டை போடப் போறேன்."

"தூசி வருதுன்னு போனவ ஓட்டை போடறேங்கற. வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?"

"நின்னேன். அதனாலதான் தெரிஞ்சுது."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "முடிஞ்ச சுவரு. மழை ஒழுகினா? வேணாம், விடு. ரப்பரை நான் மாத்தறேன், என் பேரு போட்டுக்கறேன். உனக்கு அடுத்த வண்டி."

"இதுதான் என் வண்டி. ஒழுகினா எந்தப் பாலைவனமா இருந்தாலும் நானே போய் அடைக்கறேன்."

"பாலைவனத்துல மழையே பெய்யாது. ரொம்பத்தான் தைரியம்" என்றவர், வெட்டும் மெஷினை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு துளை. மழைநீர் கீழே வடிந்துபோகும்படி வளைந்த மூக்கு. உள்ளே அக்கா தைத்த வடிகட்டித் துணி. கழற்றித் துவைத்து மாட்டலாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தார்கள். சொட்டு இல்லை.

அடுத்த ஓட்டத்துக்குத் தம்பதியும் வந்தார்கள். கட்டிலில் கறுப்புத் துணியை விரித்துவிட்டு அதே மண் பாதையில் ஓட்டினாள் சின்னவள். பின்னால் எழுந்த புழுதியில் சூரியனே தெரியவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்தபோது துணி கறுப்பாகவே இருந்தது. நர்ஸம்மா விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். பூகோள சாரோ செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டார்.

அவருடைய மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையாக மாறியது.

"இதுக்கும் ஏதாவது ஓட்டை இருக்காம்மா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

பட்டறைக்கு வந்ததும் சின்னவள் முக்காலியை வாசலில் போட்டு ஏறினாள். முதலில் பெயரைச் செதுக்கினாள். அதன் கீழே தேதி: 14 மார்ச் 2019.