மஞ்சள் தண்ணீர் தெளித்த மண்

கடலோரச் சதுப்பில் ஆய்வுக்காக நான் மண் எடுத்து வந்த மூன்று குழாய்களுக்கும் ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பூஜை நடந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே எங்கே வேலை நடந்தாலும் அந்த நாளுக்கு வந்துவிடுவார். வாசலில் அவருடைய ஸ்பேனர்களும் சங்கிலியும் வரிசையாக இருந்தன. கடைசியில் என் குழாய்கள். விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிட்டதால் சதுப்பிலிருந்து நேராக வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். மூன்றிலும் சந்தனம், குங்குமம். இரண்டில் மூடி திறந்திருந்தது.

"ஏம்மா, இத எதுக்குத் தொறந்த?"

"சோறு போடப்போற சாமானுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்காம உட்டா ஆகுமா சாமி?" என்றார் அம்மா. "உள்ளயும் நாலு சொட்டு உட்டேன். சாக்கடை நாத்தம்! எப்படித்தான் பஸ்ஸுல கொண்டாந்தயோ."

குழாய்க்குள் இருந்தது பீட் என்கிற கருமண். செத்த செடிகள் சேற்றுக்குள் காற்றில்லாமல் பாதி மக்கி, அடுக்கடுக்காகப் படிந்தது. செடி செத்தபின் அதிலுள்ள ஒருவகைக் கார்பன் மெல்லக் குறைந்துகொண்டே போகும். மிஞ்சியதை அளந்தால் அது எந்தக் காலத்துச் செடி என்று தெரியும். கடல் அங்கே எப்போது ஏறி வந்தது என்பதை அதை வைத்துத்தான் நான் சொல்ல வேண்டும். புதிய கார்பன் கொஞ்சம் கலந்தாலும் பழைய அடுக்கு வயதைக் குறைத்துக் காட்டும். மேலே நிற்கும் மரங்களின் வேர் கீழே இறங்கிக் கலப்பதே பெரிய தொல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்த வேர்களை இடுக்கியால் பொறுக்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது போன தையில் வெட்டிய மஞ்சளும் சேர்ந்துகொண்டது.

என் வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்தேன். "மேல்பகுதியைச் செதுக்கிட்டு அனுப்பிப் பார்க்கலாம்மா. மழை இறங்கிட்டா சதுப்புக்குள்ள கால் வைக்க முடியாது. கார்பன் அளக்குற ஆய்வகத்துல நமக்குக் கிடைச்ச தேதியும் போயிடும்" என்றார்.

செதுக்கலாம். ஆனால் தண்ணீர் எதுவரை இறங்கியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதவா இவ்வளவு தூரம் படித்தேன்? எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். என் கையெழுத்தின்மேல் எனக்குக் கர்வம் உண்டு. 'இரண்டு குழாய்கள் தள்ளுபடி. பூஜையில் மஞ்சள் தண்ணீர் கலந்துவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திறக்காத குழாயில் இருந்தது மேலடுக்கு மட்டும். அடி அடுக்குகளை மழைக்கு முன்னால் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

"எத்தன அடி எறக்கோணும்?" என்றார் அப்பா.

"பன்னெண்டு அடிங்கப்பா."

"அவ்வளவுதானா! அதுக்கா இத்தன படிப்பு? இரு, நானும் வாரேன்."

கிளம்பும்போது அம்மா குங்குமச் சிமிழோடு தயங்கி நின்றார். குழாயை இறக்கும் தடியின் மரக் கைப்பிடியைக் காட்டினேன். "இதுல வெய்யும்மா. இது மண்ணத் தொடாது." பெரிதாகவே வைத்தார்.

மறுநாள் சதுப்பில் குழாய் சுலபமாக இறங்கியது. மேலே வரத்தான் மறுத்தது. தெற்கே மேகம் கறுத்திருந்தது. அப்பா முழங்கால் சேற்றில் நின்று இழுத்தார்.

"ஏஞ்சாமி, எங்க பாறையே தேவலாமாட்ட இருக்குது. இது உடமாட்டீங்குதே!"

இருவரும் சேர்ந்து இழுத்ததில், கடைசியில் சத்தத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் கன்னங்கரேலென்று, முழுசாக, நான் தேடிய அடுக்கு. முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது. மூடியை எடுக்கக் குனிந்த அப்பா, தன் உள்ளங்கையைப் பார்த்தார். அம்மா வைத்த குங்குமம் வியர்வையில் கரைந்து கை முழுக்கச் சிவந்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார்.

"நீயே மூடு சாமி."