முடிவைக் கேட்டு வைத்தேன்

மும்பை செம்பூர் தியேட்டரில் திரை இருண்டதும் பின்வரிசையில் ஒருவர், "அரே, இன்னொரு இன்டர்வலா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மந்திர நாட்டு இளவரசி தன்னந்தனியாக எதிரியின் கோட்டைக்குள் நுழைகிறாள், அதோடு படம் முடிந்துவிட்டது. மிச்சம் அடுத்த வருடமாம். அந்தப் பட வரிசையின் கடைசிப் படத்தை இரண்டு பாகமாக வெட்டியிருந்தார்கள்.

மகளுக்குப் பதினைந்து வயது. இதய வால்வு ஒன்று சுருங்கிக்கொண்டே வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை தள்ளிப்போட முடியாது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் அவள் கேட்டது இந்தப் படத்தை மட்டும்தான். சின்ன வயதிலிருந்து இந்த வரிசையில் எது வந்தாலும் நாங்கள் இருவரும்தான் போவோம். அவள் அப்பா டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவார்.

ஆட்டோவில், "அடுத்த வருஷம் முதல் நாளே புக் பண்ணிரணும்மா" என்றாள். தலையை ஆட்டினேன்.

ஆபத்து குறைவு என்ற டாக்டர், ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நான் அதையே பிடித்துக்கொண்டேன். மீதிக் கதை தெரியாமலே இவள் போய்விட்டால்? தாராவியில் இருக்கும் என் அண்ணன் மகன், அந்தப் படம் எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ அதைப் படித்தவன். ஆபீஸ் விட்டு வரும் வழியில், மாட்டுங்கா பிளாட்பாரத்தில் நின்று அவனுக்கு போன் செய்தேன்.

"ஏல, அந்தக் கதை எப்படி முடியுது?"

"இப்பவே சொன்னா உங்களுக்கு மஜாவே போயிரும் அத்தே."

"எனக்கு மஜா வேண்டாம். சொல்லு."

யார் பிழைக்கிறார்கள், யார் சாகிறார்கள் என்று ரயில் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று, உள்ளே கொண்டுபோகும் முன் ஸ்ட்ரெச்சரைச் சற்று நிறுத்தினார்கள். குனிந்து, "ஏட்டி, அந்தக் கதை முடிவு எனக்குத் தெரியும். சொல்லட்டா?" என்றேன்.

"உனக்கா? எப்படி?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எதற்காகக் கேட்டு வைத்திருக்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் வெளிய வர மாட்டேன்னு நெனச்சியாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் வார்டுபாய் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தைரியம் சொல்லி அனுப்ப வேண்டியவள், என் பயத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வந்துவிட்டாள். பள்ளிக்குப் போகிறாள். அவள் படியேறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அந்தக் கேள்வியை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. போன வாரம் இரண்டாம் பாகத்தின் டிரெய்லர் வந்தபோதுதான் சொன்னாள்: "சேர்ந்தே போவோம். ஆனா உன் பக்கம் திரும்ப மாட்டேன். யாரு சாகப்போறான்னு உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

இருவரும் சிரித்தோம்.

நேற்று செக்கப். டாக்டர் அவள் நெஞ்சில் கருவியை வைத்து எக்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மானிட்டரைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்ன பிறகும் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவளுக்கு எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.