கார்த்திகையில் பார்த்த வீடு

கோவில்பட்டியில் வீடு வாங்க நினைப்பவர்கள் பத்திரத்தைப் படித்துச் சொல்லும்படி இப்போது என்னிடம் வருகிறார்கள். "வீட்டக் கோடையில பாத்தியளா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கூட வருகிற தரகர்களுக்கு அது பிடிப்பதில்லை. தெரிந்த குறையைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள் என்று அவர்களிடமும் சொல்கிறேன். அது அவர்களுக்கு இன்னும் பிடிப்பதில்லை.

பஞ்சாலையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்த புதிது. புதூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. தங்கை மேலே படிக்க வேண்டுமென்றால் டவுனில் வீடு வேண்டும். மழை பொய்த்த ஊர்களிலிருந்து சனங்கள் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வந்து குவிந்த நேரம் அது. காலையில் காலியென்று கேள்விப்பட்ட வீட்டில் சாயங்காலம் அடுப்பு புகையும். வீடு வாங்கிவிடுவதென்று அய்யா ஆடுகளை விற்றார்.

தரகர் எங்கள் ஊர்க்காரர். எனக்கு மாமா முறை. கார்த்திகையில் நாலு நாள் மழை விட்டதும் மூன்று அறை வீடொன்றைக் காட்டினார். சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. அய்யா சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"கரிசல் மண்ணுல்லா. பங்குனியில ஒருக்க பாத்துட்டு முடிப்போம்."

"பங்குனியில வீடு இங்கனதான் இருக்கும் அத்தான். ஒங்களுக்கு இருக்காது. வெளாத்திகுளத்து ஆளு ஒருத்தர் ரூவாயோட அலையுதாரு." மாமா என் பக்கம் திரும்பினார். "மருமவனே, நீ படிச்ச புள்ள. மூலப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பாத்துட்டேல்லா? இவிய ஆட்டுக்குப் பல்லு பாக்க மாதிரி சொவரத் தட்டுதாவ."

நான் சிரித்தேன். அய்யாவை வைத்துக்கொண்டே சிரித்தேன். அந்த வாரமே பதிவு முடிந்தது.

பங்குனியில் மண் வெடித்தது. பின்னறைச் சுவர் அடியிலிருந்து உச்சிவரை பிளந்து, வெளியே போகிறவர்களின் சட்டை நிறம் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இந்த வருசமும் வாயத் தொறந்துட்டா? போன தடவ ஒங்க மாமாதான நின்னு பூச வச்சாவ."

மாமா டீக்கடையில் இருந்தார். "தெரிஞ்சேவா செஞ்சீங்க?" என்றேன்.

"நீ பத்திரத்தத்தான கேட்ட? அதுல குத்தம் உண்டா?" அவர் குரலில் கோபமில்லை. நகர்ந்து பெஞ்சில் இடம்விட்டார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போடுத? ஐப்பசி மழை விழட்டும், தானா மூடிக்கிடும். ஒரு வெள்ளைய அடிச்சு வையி. வாங்குததுக்கு நான் ஆளக் கூட்டியாரேன்."

என்னை ஏமாற்றியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்தவனை ஏமாற்ற என்னையும் கூட்டுச் சேர்க்கிறாரே என்பதுதான் உறுத்தியது. ஆனாலும் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அய்யா வெடிப்புக்குள் கையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சொன்னதைச் சொன்னேன்.

"வாரவனுக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கும்லாலே," என்றார்.

மறுநாளே பின்னறையை இடிக்கத் தொடங்கினோம். மீதி இரண்டு அறைக்குள் அம்மாவோடு சேர்த்து நாங்கள் நாலு பேரும், தங்கையின் படிப்பும் அடங்கிக்கொள்ள வேண்டும். மாமா அந்த வழியாக வந்தவர் குவிந்து கிடந்த செங்கலைப் பார்த்தார்.

"ஒரு ரூமு வெலைய மண்ணாக்கிட்டியே மருமவனே!" உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப்பிறகு அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை.