வாடகைக் காரின் வெளிச்சம்

வெளிநாடு போகிறவர்கள் கேட்பார்கள். அங்கே போய் வாடகைக்குக் கார் எடுப்பதா, பஸ்ஸே போதுமா? என்னிடம் கேட்டால் ஒரே பதில்தான். பஸ். காரணம் கேட்டால் இத்தனை வருடமும் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது கிடையாது. நேரம் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எனக்கு வெளிநாடு என்பது தஞ்சாவூர் ஜில்லா. நான் பிறந்தது மலாயாவில், கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா மருதையன் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்து, சாட்டையடி தாங்காமல் கப்பலேறியவர். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரே அக்காள், கண்ணாத்தாள். தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளைத் திரும்பப் பார்க்காமலேயே அப்பா செத்துப்போனார். 1970இல் அத்தை மகள் செவ்வந்தி கடிதம் போட்டாள். 'அம்மா பதினொரு மாதமாகப் படுத்த படுக்கை. எழுந்து உட்காரவும் முடியாது. தம்பி மகன் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்கிறது. சீக்கிரம் வா.'

ஐப்பசி மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மணி 5.10. கண்டக்டரிடம் ஊரைச் சொல்லி, தெருவையும் சொன்னேன்.

"அஞ்சரைக்குப் பஸ்ஸு சார். மதகுகிட்ட எறக்கி விடறேன். அங்கேருந்து ரெண்டு மைலு நடக்கணும்."

"வாடகைக் கார் கிடைக்குமா?"

அவர் என் தோல் பெட்டியைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் தெருவுக்குக் காரு வேணாம் சார். பஸ்ஸுலயே போயிடுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. மிராசுதார் வீட்டு வழியாகப் போகும்போது அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். சொல்லிச் சொல்லி அழுவார். ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லோரும் சமம் என்று பஸ் நிலையத்துச் சுவர் முழுக்க எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதெல்லாம் சுவரோடு சரி போலிருக்கிறது! எங்கள் சேரிக்குக் கார் வந்தால் இவருக்கு என்ன குத்துகிறது? சரி, காரிலேயே போகிறேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். அவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கருப்பு அம்பாசிடர். டிரைவர் முகம்மது யூசுப், நாகூர்க்காரர். அந்த ஊர்ப் பக்கம் அவர் போனதே கிடையாது. புறப்படும்போது 6.15.

மதகு தாண்டி மண் பாதையில் திரும்பியபோது 7.04. நல்ல இருட்டு. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. தூரத்தில் எங்கள் தெரு. பத்துப் பன்னிரண்டு சிம்னி விளக்கு தெரிந்தது.

"ஹாரனை நல்லா அடிங்க. ஊரே பாக்கட்டும்" என்றேன்.

யூசுப் அடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு விளக்கு அணைந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல...

7.18க்குத் தெருவில் நுழைந்தோம். ஒரு விளக்கும் இல்லை.

கார் வெளிச்சம் தெரு முழுக்க ஓடி, கடைசியில் வாய்க்கால் கரைமேல் போய் விழுந்தது. ஓர் ஆள் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

"என்ன சார், காலி ஊரா இருக்கு?" என்றார் யூசுப்.

நான் இறங்கினேன். ஒரு வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதித்துப் பொங்கி நெருப்பில் வழிந்தது. ஸ்ஸ்ஸ்... பக்கத்துக் குடிசையில் ஏணை கட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தை இல்லை. ஏணை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"செவ்வந்தி!"

தெருவில் மேலே நடந்தேன்.

கொடிக்கம்பத்துக்கு எதிர்வீடு என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். செங்கொடிக் கம்பம் தெரிந்தது. எதிரே ஒரு குடிசை. குனிந்து உள்ளே பார்த்தேன். மணி 7.36.

ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டிருந்தாள்!

அப்பாவின் மூக்கு. அப்பாவின் நெற்றி. சந்தேகமே இல்லை.

"அத்தை..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, காரின் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"அத அணைக்கச் சொல்லுய்யா."

மெல்லிய குரல். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... வெளியே மழை இல்லை.

"புள்ளைங்க தண்ணியில நிக்கிதுவ. அணைக்கச் சொல்லுய்யா."

கீழே பார்த்தேன். அத்தனை தண்ணீர் சொட்டியும் தரை காய்ந்து கிடந்தது.

ஓடினேன்.

காருக்குள் விழுந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடியை ஏற்றினேன். 7.45.

"சார், பாட்டரி எறங்கிடும். லைட்ட அணைக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினேன்.

"கெளம்பிடலாமா?"

அதற்கும் வேண்டாம் என்றேன். அத்தையைப் பார்க்காமல் எப்படிப் போவது? இறங்கவும் பயம். போகவும் மனமில்லை.

8.00. எங்கோ நெல் மில்லில் சங்கு ஊதியது.

8.20. வெளிச்சம் மஞ்சளானது...

8.31. அணைந்தது.

இருட்டு.

அப்புறம் கேட்டது.

சளக்...

சளக்... சளக்...

வாய்க்கால் பக்கமிருந்து. ஒன்று இல்லை. பல.

காரைச் சுற்றி உருவங்கள். எல்லாம் நனைந்து.

கையில் அரிவாள்.

"யார்ரா?"

"மருதையன் மகன்..." கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். "மலாயாவிலேருந்து..."

அரிவாள் தாழ்ந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓவென்று அலறினாள். செவ்வந்தி. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சேலை ஏணையில் எதையோ தூக்கி வந்தார்கள்.

அத்தை. விறைத்துப்போயிருந்தாள்.

மிச்சத்தைச் செவ்வந்தி சொன்னாள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக அதற்கு முந்தைய மாதம் இரண்டு காரில் மிராசுதாரின் ஆட்கள் வந்து அடித்திருக்கிறார்கள். ஐந்து குடிசையைக் கொளுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. கார் வெளிச்சம் தெரிந்தால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வாய்க்காலில் இறங்கிவிட வேண்டும். வெளிச்சம் போகிறவரை தலை தூக்கக் கூடாது. படுக்கையில் கிடந்தவளையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்குக் காரில் நல்லவன் யார் வந்திருக்கிறான்?

"கரையெல்லாம் வெளிச்சம். நாங்க எப்புடி ஏறுறது?" என்றாள். "ஏய்யா, பஸ்ஸுல வரக்கூடாதா?"

"அத்தையைப் பார்த்தேன் செவ்வந்தி. வீட்டுக்குள்ள. ஏழு முப்பத்தாறுக்கு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா எம்மடியிலதான் கெடந்துச்சு. தண்ணிக்குள்ள. கண்ண மூடிக்கிட்டு, அத அணைக்கச் சொல்லுய்யா, அணைக்கச் சொல்லுய்யான்னு யாருகிட்டயோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"எப்போ... போச்சு?"

"சங்கு ஊதறப்ப மூச்சு இருந்துச்சு. அதுக்கப்பறந்தான்."

இது எப்படி என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. பேய் என்று பயந்துதான் நான் ஓடினேன். பேய் என்று பயந்துதான் விளக்கை அணைக்க வேண்டாம் என்று கத்தினேன்.

அப்போது அத்தை சாகவில்லை.