சந்தனக் கலருக்கு அடியில் அக்காவின் கோடுகள்

இந்த நினைவு மலரை வாங்கியதும் படத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். என்னால் முடிந்தது இதுதான்.

அக்கா படப்பையில் பிறந்தவர். அப்பா நிலத்தை விற்று, பெருங்களத்தூரில் ஏரிக்குக் கீழே மனை வாங்கி எங்களைக் குடிவைத்தார். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அக்கா அறிவியல் ஆசிரியையாக இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்றார். அதையும் நம் சொந்தக்காரர்கள் ஆசை தீரப் பேசினார்கள்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். நாங்கள் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றுவோம். அக்கா, தண்ணீர் எட்டிய இடத்தில் கூடத்துச் சுவரில் ஆணியால் கோடு கீறி, தேதியும் மணியும் உயரமும் எழுதுவார். முதலில் நோட்டில்தான் எழுதினார். ஒரு பெருமழையில் நோட்டெல்லாம் கூழாகிப் போயின. "இனிமே சுவர்தான்டா. அது எங்கயும் போகாது" என்றார்.

ஓய்வு பெற்றபின், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க இறங்கினார். கொட்டாங்குச்சிகளில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதி, ஏரி வழியும் இடங்களில் ஒவ்வொன்றாக விட்டார். பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டும் அன்புதான் துணைக்குப் போனவர். மேற்கே விட்ட கொட்டாங்குச்சிகள் இரண்டு மணி நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. அடுக்குமாடி கட்டத் தூர்த்த பழைய வாய்க்காலின் தடத்திலேயே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்கா மனு மேல் மனு எழுதினார். பதில் இல்லை. டீச்சருக்குப் பொழுது போகவில்லை என்று நாம் சிரித்தோம். நானும்தான்.

பிறகு என் மகனுக்குப் பெண் பார்த்தோம். பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன வாரம், அக்கா கண் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார். வெள்ளக் கோடு போட்ட வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். ஆனால் பெயின்டரைக் கூப்பிட்டு, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்துச் சந்தனக் கலர் அடிக்கச் சொன்னது நான். பெண் வீட்டார் வந்தார்கள், காபி குடித்தார்கள், ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீடு திரும்பிய அக்கா சுவரைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு, மழைநீர் வடிகாலுக்கு அளவெடுக்க ஒரு குழு வந்தது. வெள்ளம் ஏறிய உயரத்துக்கு அடையாளம் இருக்கும் தெருக்களுக்கே முதலிடம் என்றார்கள். அக்கா ஒவ்வோர் ஆண்டின் அளவையும் ஒப்பித்தார். கொட்டாங்குச்சி விட்டதையும் சொன்னார். வந்திருந்த பொறியாளர் தன்மையான பிள்ளை.

"நீங்க சொல்றது கரெக்டா கூட இருக்கலாம் மேடம். ஆனா மார்க் எதுவும் இல்லாம நான் எப்படி எழுதறது?"

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"சந்தனக் கலர் நல்லாத்தான்டா இருக்கு."

வடிகால் வேறு தெருவுக்குப் போயிற்று. அக்கா சிறுநீரகக் கோளாறில் ஆறு மாதம் படுத்திருந்து, போன கார்த்திகையில் காலமானார். படுக்கையிலும் மழைச் சத்தம் கேட்டால் மணி என்ன என்று கேட்பார்.

அந்த ஆறு மாதமும் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டுச் செல்வி அக்காவுக்கும், கேலிக்கு அஞ்சாமல் மழையில் அவர் கூடவே நின்ற அன்புக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னையும் அந்த மற்றவர்களில்தான் சேர்த்திருக்கிறேன்.

இந்த ஐப்பசியிலும் தண்ணீர் வந்தது. வடிந்தபின் சந்தனக் கலரின் மேல் சேற்றுக் கோடு நின்றது. ஆணியை எடுத்து அதன் மேல் கீறினேன். தேதி போட்டேன். அளக்க டேப்பைப் பிடித்தபோதுதான் கை நின்றது. அக்கா வாசற்படியிலிருந்து அளப்பாரா, தெருவிலிருந்தா? தெருவை இதற்குள் மூன்று முறை உயர்த்திவிட்டார்கள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நான் கேட்டதில்லை.

திதிக்கு வருகிறவர்கள் கூடத்தில் உட்காரும்போது அந்தக் கோட்டைப் பாருங்கள். இனி யார் பெண் பார்க்க வந்தாலும் அது அங்கேயே இருக்கும். என்ன உயரம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.